பால்மரக் காட்டில் ஒரு சுற்று

கோலாலம்பூரின் மேற்குப் பகுதியில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், ஸ்ரீ ஹர்த்தாமாஸ், மோன் கியாரா ஆகிய குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு குன்று இருக்கிறது. அதன் பெயர் புக்கிட் கியாரா. நெடுஞ்சாலையில் விரைந்து செல்வோருக்கு அது வெறும் பச்சைத் திட்டாகவே தெரியும். உள்ளே நுழைந்து பார்ப்பவர்கள்தாம் மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து ஓடும் ஒற்றையடிப் பாதைகளைக் காண்பார்கள். வார இறுதி நாள்களில் அங்கே நடப்பவர்கள் உண்டு, ஓடுபவர்கள் உண்டு. தலைக்கவசம் அணிந்து, சேறு படிந்த சட்டையோடு மலை மிதிவண்டி ஓட்டுபவர்களும் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

மலை மிதிவண்டி சாதாரண மிதிவண்டியிலிருந்து வேறுபட்டது. அதன் டயர் அகலமானது; மண்ணைப் பற்றிக்கொள்ளும் முட்டு முட்டான பிடிமானம் கொண்டது. முன்சக்கரத்தின் மேலுள்ள அதிர்வுதாங்கி, கல்லிலும் வேரிலும் மோதும் அதிர்ச்சியைக் குறைக்கும். மேட்டில் ஏறுவதற்கென்றே மிக இலகுவான கியர்கள் இருக்கும். 1970ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள தமால்பைஸ் மலைச்சரிவில் இளைஞர்கள் சிலர் பழைய மிதிவண்டிகளைத் திருத்தி ஓட்டினார்கள். அந்த விளையாட்டு விரைவில் உலகெங்கும் பரவியது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் அது முதன்முதலாக இடம்பெற்றது.

எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. நான் அப்போது படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்சில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வருவார். காரின் பின்புறத் தாங்கியில் இரண்டு மிதிவண்டிகள் கட்டப்பட்டிருக்கும். "தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு சுற்று முடிச்சிடலாம்" என்பார். புறப்படும் முன்னர் பிரேக், சங்கிலி, டயரின் காற்று ஆகிய மூன்றையும் நான்தான் சோதிக்க வேண்டும். சோதிக்காத வண்டியைக் காரில் ஏற்ற விடமாட்டார்.

எங்கள் சுற்று பூங்காவின் தார்ச்சாலையில் தொடங்கும். முதலில் ஏற்றம். ஏற்றத்தில் வேகம் உதவாது. சீரான மூச்சுதான் உதவும். மேடு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாதி மேட்டில் மாற்றினால் சங்கிலி இழுபட்டுக் கழன்றுவிடும். சாலையை விட்டு விலகி மண்பாதைக்குள் நுழைந்ததும் நகரத்தின் இரைச்சல் குறைந்துவிடும். சில் வண்டுகளின் ஓசையும், காய்ந்த இலைமீது சக்கரம் உருளும் ஓசையும் மட்டுமே கேட்கும்.

பிறகு இறக்கம். இறக்கத்தில் மிதிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இருக்கையிலிருந்து எழுந்து, உடல் எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் வண்டி நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் எங்கே பார்க்கிறதோ வண்டியும் அங்கேதான் போகும். "கல்லைப் பார்க்காதே, கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற வழியைப் பாரு" என்று மாமா திரும்பத் திரும்பச் சொல்வார்.

பாதைக்கென்று சில பண்புகளும் உள்ளன. மிதிவண்டி ஓட்டுபவர், நடந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இறங்கி வருபவர், ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். வளைவை நெருங்கும்போது மணியடிக்க வேண்டும். அல்லது குரல் கொடுக்க வேண்டும். கடந்து செல்லும்போது ஒரு வணக்கமோ நன்றியோ சொல்ல வேண்டும். இவற்றைக் கடைப்பிடிக்காதவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் காட்டில் மதிப்பு இல்லை.

அந்தக் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதன்முதலில் அங்கே சென்றபோது, மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டு வியந்தேன். இயற்கைக் காட்டில் மரங்கள் வரிசையில் நிற்பதில்லை அல்லவா? மரங்களின் அடிப்பகுதியில் சாய்வான வெட்டுத் தழும்புகள் இருந்தன. அவை பால்மரங்கள். புக்கிட் கியாரா முன்பு ஒரு ரப்பர்த் தோட்டம். 1,500 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்தத் தோட்ட நிலத்தை 1976ஆம் ஆண்டில் அரசு கையகப்படுத்தியது. காலப்போக்கில் அதன் பல பகுதிகள் குழிப்பந்துத் திடல்களாகவும் வேறு பல இடங்களாகவும் மாறின. எஞ்சிய பகுதிதான் இன்றைய பசுமைப் பூங்கா. அங்கே பால்வெட்டுவார் இல்லாமல் பால்மரங்கள் தம்போக்கில் வளர்ந்து, அவற்றிற்கிடையே காட்டுச்செடிகளும் முளைத்து, இன்று தோட்டமும் காடும் கலந்த ஒன்றாக அது நிற்கிறது.

அந்தத் தோட்டத்தில் பால்வெட்டியவர்களுள் என் பாட்டியும் ஒருவர். பதினான்கு வயதிலேயே உளி பிடித்தவர். தோட்டம் கைமாறிய பிறகு அங்கிருந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சில குடும்பங்கள் அருகிலேயே நீண்ட வீடுகளில் குடியமர்ந்தன. பாட்டியின் குடும்பம் பிரிக்பீல்ட்சில் இருந்த உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு பாட்டி ஒருமுறைகூட அந்தக் குன்றின் பக்கம் போனதில்லை.

நான் அங்கே விளையாடப் போகிறேன் என்பதை அறிந்ததும் பாட்டியின் முகம் மாறிவிட்டது.

"நாங்க வயித்துக்காக ஏறுன மேடு அது. நீ காசு செலவு பண்ணி ஏறப் போறியா?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலும் இல்லை. பாட்டிக்கு அந்தக் குன்று விடியாத இருட்டு, கொசுக்கடி, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம், மழை பெய்தால் இல்லாமல் போகும் ஒரு நாள் கூலி. எனக்கு அதே குன்று ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒரே மண்ணை இருவேறு வாழ்க்கைகளிலிருந்து இருவரும் பார்த்தோம். அதனால் பல மாதங்கள் வீட்டில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சேறு படிந்த காலணியை வெளியிலேயே கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைவேன். பாட்டியும் எதுவும் கேட்கமாட்டார்.

அந்த மௌனம் ஒரு மழைக்காலத்தில் கலைந்தது. ஆண்டிறுதி மழையில் நாங்கள் வழக்கமாக ஓட்டும் பாதையின் ஒரு பகுதி சேறாகிவிட்டது. பழைய தோட்டத்தின் படிக்கட்டு நிலத்தின் மேலே அந்தப் பாதை சென்றது. நாளாக ஆக, சேற்றைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொருவரும் ஓரமாக ஓட்டினார்கள். அதனால் ஒரு முழம் அகலமிருந்த பாதை இரண்டு மீட்டர் அகலமாகிவிட்டது. ஓரத்துச் செடிகள் மிதிபட்டு அழிந்தன. அந்த இடத்தை என் கைப்பேசியில் படம் பிடித்து, வீட்டில் மாமாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்படிக் கொடு, பார்ப்போம்" என்றார்.

சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "இது பால்மரத்துக்கு வெட்டுன படி. உள்பக்கம் சாய்ஞ்சி இருக்கும். தண்ணி கீழ ஓடாம மரத்தடியிலேயே நிக்கணும்னு அப்படித்தான் வெட்டுவாங்க. இதுல வண்டி ஓட்டுனா சேறாகாம என்ன ஆகும்?" என்றார். சற்று நிறுத்தி, "மரத்துக்குத் தண்ணி நிக்கணும், பாதைக்குத் தண்ணி ஓடணும்" என்றார்.

மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பல வாரங்களாக நாங்கள் சேற்றைப் பார்த்தோம். பாட்டி சரிவைப் பார்த்தார்.

புக்கிட் கியாராவின் மண்பாதைகளைப் பெரும்பாலும் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். ‘டிராக்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோலாலம்பூர், சிலாங்கூர் பாதைகள் சங்கம் அவர்களுள் குறிப்பிடத்தக்கது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், வெளிநாட்டவர் எனப் பலரும் மண்வெட்டியோடு ஒன்றுகூடி வேலை செய்வதைக் காணலாம். அடுத்து வந்த பாதை சீரமைப்பு நாளில் மாமாவும் நானும் கலந்துகொண்டோம். பாட்டி சொன்னதை, எங்கள் குழுவை வழிநடத்திய மூத்த தன்னார்வலரிடம் கூறினேன். அவர் சிரித்தார். "உன் பாட்டி சொன்னதுதான் பாதை அமைப்பவர்களின் முதல் பாடம்" என்றார். பிறகு எங்களுக்கு விளக்கினார்.

பாதைக்கு முதல் பகைவன் சக்கரமும் அன்று, காலணியும் அன்று, தண்ணீர்தான். நம் நாட்டில் ஓர் ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பாதை நேர்க்குத்தாக மலையில் இறங்கினால், மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அரித்துச் செல்லும். ஆகவே, மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது. பாதை மலையைக் குறுக்காகச் சுற்றிச் செல்ல வேண்டும். அதன் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நீர் பாதையின் வழியே ஓடாமல், பாதையைக் குறுக்கே கடந்து கீழே இறங்கிவிடும். ஆங்காங்கே சிறு ஏற்ற இறக்கங்களை அமைத்தால் நீர் ஓரிடத்தில் சேர்ந்து வலுப்பெறாது.

அன்று பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். வெளிவிளிம்பில் மேடுகட்டியிருந்த மண்ணை வெட்டி எடுத்தோம். பாதையை வெளிப்பக்கம் சாய்த்துக் கெட்டிப்படுத்தினோம். மிதிபட்ட ஓரத்தில் காய்ந்த கிளைகளைப் போட்டு, செடிகள் மீண்டும் முளைக்க இடம் விட்டோம். நாற்பது மீட்டர் தூரத்தைச் சரிசெய்ய மூன்று மணி நேரமாயிற்று. வண்டியில் அந்தத் தூரத்தைக் கடக்க எனக்குப் பத்து நொடி போதும். கையில் கொப்புளம் எழும்பியபோதுதான், ஒரு பாதையின் விலை எனக்கு விளங்கியது.

அடுத்த மழைக்குப் பின் சென்று பார்த்தோம். நீர் பாதையைக் கடந்து சருகுகளின் மேல் வழிந்து சென்றிருந்த தடம் தெரிந்தது. பாதை ஈரமாக இருந்தது; சேறாக இல்லை. அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து பாட்டியிடம் காட்டினேன். "ம்... இப்பச் சரி" என்றார். பிறகு தாமாகவே, "அந்த மரங்க இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பாட்டியை அழைத்துச் சென்றோம். பாட்டிக்கு அப்போது எண்பது வயது. தார்ச்சாலையில் மெதுவாக நடந்தார். ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் நான். மரங்கள் தெரிந்ததும் எங்கள் இருவர் கையையும் விட்டுவிட்டார். சாலையோரத்தில் நின்ற ஒரு பால்மரத்தின் தழும்பைத் தடவிப் பார்த்தார். அதன் பட்டை முண்டும் முடிச்சுமாக இருந்தது.

"இவன் அவசரக்காரன்" என்றார். "உளியை உள்ள விட்டுட்டான். கட்டை வரைக்கும் வெட்டுப்பட்டா மரம் இப்படித்தான் முண்டு விடும். காகிதம் மாதிரி மெல்லிசா சீவணும். இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ இறங்கணும். அப்பத்தான் பால் நிறைய வரும்."

பாட்டி சொன்னதற்குக் காரணத்தைப் பின்னர் தேடிப் படித்தேன். பால்மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்தே மேலேறுகின்றன. இடமிருந்து வலமாகச் சாய்த்து வெட்டும்போதுதான் அதிகக் குழாய்கள் திறக்கின்றன. விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். பள்ளிக்கூடம் போகாத பாட்டி இவற்றை எல்லாம் கையால் படித்திருந்தார்.

இன்னும் சற்றுத் தொலைவு நடந்து, தழும்பு வழவழப்பாக ஆறியிருந்த ஒரு மரத்தைக் கண்டார். "இது நல்ல கை" என்று சொல்லி அங்கேயே நின்றார். பால்வெட்டும் வேலையைப் பற்றி அன்றுதான் என்னிடம் விரிவாகப் பேசினார். தம் நிரையில் முந்நூறு மரத்துக்கும் மேல் இருந்ததாம். இருட்டில் தொடங்கி, மரம் மரமாக வெட்டிக்கொண்டே ஒரு சுற்றுப் போவாராம். பால் வடிந்து முடிந்ததும் தொடங்கிய இடத்திலிருந்து மறுபடியும் நடந்து, மங்குகளில் இருக்கும் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே இன்னொரு சுற்று. பிறகு காண்டாவில் இரண்டு வாளியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு இறங்குவாராம். "நீ ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்குறே" என்று கேலி செய்தார். அந்தக் குன்றைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"உங்க வீடு எந்தப் பக்கம் பாட்டி?" என்று கேட்டேன். உயர்ந்த கட்டடங்கள் தெரிந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

நாங்கள் திரும்பும்போது, மேலிருந்து இறங்கி வந்த இரண்டு இளைஞர்கள் பாட்டியைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நின்று வழிவிட்டார்கள். "செலாமாட் பாகி, நெனெக்" என்றார்கள். பாட்டியும் கையை உயர்த்தி வாழ்த்தினார். காருக்குள் அமர்ந்த பிறகு, "வழி விடத் தெரிஞ்ச பிள்ளைங்கதான்" என்றார். என் விளையாட்டுக்குப் பாட்டி கொடுத்த அனுமதியாக அதை எடுத்துக்கொண்டேன்.

உழைப்பாளிகளின் பாதை, பின்னாளில் உல்லாசப் பாதையாவது இங்கே மட்டும் நிகழ்வதன்று. மத்தியத்தரைக் கடலோரத்தில், இத்தாலியின் பினாலே லிகுரே என்னும் ஊர் மலை மிதிவண்டிக்குப் பெயர்பெற்றது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே சென்று, கடலைப் பார்த்தபடி வண்டி ஓட்டுகிறார்கள். அந்த வட்டாரத்து மலைச்சரிவுகளிலும் ஒலிவ மரங்களுக்காக உழவர்கள் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்கள் உள்ளன. சுண்ணாம்புக் காரையின்றிக் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் அந்தக் கலையை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அங்கே கல்லில் எழுதியதை நம் முன்னோர் இங்கே மண்ணில் எழுதினார்கள். கல்லைவிட மண் விரைவில் கரையும். நினைவு அதைவிட விரைவில் கரையும்.

இன்றும் நான் புக்கிட் கியாராவில் வண்டி ஓட்டுகிறேன். ஆனால், இப்போது ஒரு மேட்டை ஏறும்போது, இதை யார் வெட்டினார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சீரமைப்பு நாள்களில் இயன்றவரை கலந்துகொள்கிறேன். நகரத்துக்குள் இருக்கும் காடு தானாகவே நிலைத்திருப்பதில்லை. அதில் நடப்பவர்களும் ஓட்டுபவர்களும் அக்கறை காட்டும்வரைதான் அது காடாக இருக்கும். யாரும் போகாத நிலம், யாருக்கும் வேண்டாத நிலமாகக் கருதப்பட்டுவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் வாழும் பல குடியிருப்புகள் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவை. உங்கள் வீட்டுக்கு அருகிலும் ஒரு மேடோ, ஒரு பழைய பாதையோ, வரிசையாக நிற்கும் சில மரங்களோ இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் அவற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் பேசத் தயங்கலாம். ஒரு படத்தைக் காட்டுங்கள். அல்லது, அவர்களுடைய கையைப் பிடித்து ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.